பெயரில்லாப் பேனாவின் சாட்சியம்

பழம்பொருள் வாங்குகிறவன் பெரும்பாலும் இரண்டு சரக்குகளுக்கு ஒருங்கே விலை கொடுக்கிறான். ஒன்று, கையில் வந்து சேரும் பொருள். மற்றொன்று, அப்பொருளைப்பற்றி விற்கிறவர் சொல்லும் வரலாறு. பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்களும் வரலாற்றைச் சோதித்துப் பார்ப்பதில்லை. வீட்டுப் பத்திரத்தை வரிக்கு வரி வாசிக்கும் ஜாக்கிரதைக்காரர்கூட, பழைய ஊற்றுப்பேனா ஒன்றை வாங்கும்போது, "இது அந்தக் காலத்து லண்டன் பேனா, ஸார்" என்ற ஒரே வாக்கியத்துக்குத் தலையசைத்துவிடுகிறார். இந்த வழக்கம் நல்லதன்று என்பதே நமது அபிப்பிராயம்.

பந்துமுனைப் பேனாவும் கைப்பேசியும் எழுத்து வேலையைப் பெரும்பாலும் கவர்ந்துகொண்ட இந்நாளில், பழைய ஊற்றுப்பேனாவைத் தேடி வாங்கி, பழுதுபார்த்து, அதைக்கொண்டு எழுதும் அன்பர்கள் நமது நகரங்களில் பெருகி வருகிறார்கள். இவர்களில் பலருக்கு வாய்ப்பது பெயர் தெரியாத பேனாவே. யார் செய்தது, எங்கே செய்தது, எப்பொழுது செய்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லாமல் அது மேஜைமேல் கிடக்கிறது. இக்கேள்விகளைப் பொழுதுபோக்குக்காரரின் விசாரம் என்று தள்ளிவிடலாகாது. தவறான விடையினால் வாங்கியவர் பணத்தை இழக்கிறார்; அதைவிடப் பெரிய நஷ்டமும் ஒன்று உண்டு. நம் நாட்டுக் கடைசல்காரர் ஒருவர் தம் கையால் உண்டாக்கிய பொருளை, கடல் கடந்த ஏதோ ஒரு கம்பெனியின் கணக்கில் நாமே எழுதிவைத்துவிடுகிறோம்.

நியாயஸ்தலத்தில் பழகியவர்களுக்கு இவ்விஷயத்தில் ஒரு சௌகரியம் உண்டு. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் 2024 ஜூலை 1-ந் தேதி முதல் புதிய சட்டத்துக்கு இடங்கொடுத்துவிட்டது. ஆயினும் அதன் அடிப்படைகள் மாறவில்லை. கேள்விப்பட்டதைச் சாட்சியாக ஏற்பதில்லை என்பது ஒன்று. எழுத்தில் கண்டதை வாய்ச்சொல்லால் மாற்றலாகாது என்பது மற்றொன்று. பேனா விஷயத்திலும் இவ்விரண்டையும் கைக்கொண்டால் போதும். விற்கிறவர் சொல்வது கேள்விச்செய்தி. பேனாவின் உடலே தஸ்தாவேஜு. ஆகவே பேனாவையே கூண்டில் ஏற்றி விசாரிப்போமாக.

உடலில் பொறித்த எழுத்து

முதற் சாட்சி, பேனாவின் உடலில் பொறித்திருக்கும் எழுத்து. பெயரில்லாத பேனா என்று சொல்லப்படுபவற்றுள் பலவற்றுக்குப் பெயர் இல்லாமலில்லை. தேய்ந்து மங்கியிருக்கிறது, அவ்வளவே. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியின் உதவியால், பேனாவை மெல்லச் சுழற்றிப் பார்க்கவேண்டும். நேரான வெளிச்சத்தில் தெரியாத எழுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். பேனாவைப் பளபளப்பாக்கும் ஆசை இந்தக் கட்டத்தில் வேண்டவே வேண்டாம். மெருகுத் தூள் இட்டுத் தேய்ப்பவர், தம் கையாலேயே சாட்சியின் நாக்கை அறுத்தவராகிறார்.

கிடைத்த எழுத்தையும் நிதானித்தே வாசிக்கவேண்டும். இங்கிலாந்தின் கான்வே ஸ்டுவர்ட் பேனாக்களில் பெயரோடு ரக எண்ணும் பொறித்திருக்கும். அமெரிக்காவின் பார்க்கர் கம்பெனியார் 1940-களில் செய்த பேனாக்களில், வருஷத்தின் கடைசி இலக்கமும், அவ்வருஷத்தின் எந்தக் காலாண்டு என்பதைக் காட்டும் புள்ளிகளும் காணப்படும். பேட்டண்ட் தேதி பொறித்திருந்தால், பேனா அத்தேதிக்கு முற்பட்டதன்று என்று மட்டுமே கொள்ளலாம். அத்தேதியிலேயே செய்யப்பட்டது என்று கொள்வது பலர் விழும் குழி. ஒரே பேட்டண்ட் வாசகத்தைப் பல வருஷங்கள் பொறித்துவந்த கம்பெனிகள் உண்டு.

தேசத்தின் பெயர் சில சமயம் பேனாவின் பெயரைவிட அதிகம் பேசும். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்று ஆங்கிலத்தில் கண்டிருந்தால், அது 1945-க்கும் 1952-க்கும் இடைப்பட்ட காலத்தது. 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால், 1949-ல் அத்தேசம் பிரிந்ததற்குப் பிற்பட்டது. 1990-ல் ஒன்றுபட்டதற்கு முற்பட்டது. யுத்தமும் உடன்படிக்கையும் ஒரு பேனாவின் கழுத்தில் இவ்வாறு ஒற்றை வரியாக நிற்கின்றன.

நிப்பின் வாக்குமூலம்

இரண்டாம் சாட்சி நிப்பு. இச்சாட்சியை நம்புவோர் அதிகம். இதனால் ஏமாறுவோரும் அதிகம். நிப்பு தேயும், வளையும், ஒடியும். பழுதுபார்ப்பவர் கையில் இருந்த வேறொன்றைப் பொருத்திக் கொடுத்திருப்பார். ஐம்பது வருஷம் உழைத்த பேனாவில் முதல் நிப்பே நிலைத்திருப்பது விசேஷம் என்றுதான் சொல்லவேண்டும். எனவே நிப்பில் கண்ட பெயர் நிப்பின் பெயர். அது பேனாவின் பெயரும் ஆகுமா என்பது தனியாக ருஜுப்பிக்க வேண்டிய விஷயம்.

'வாரண்டெட்' என்ற சொல்லும் '14 காரட்' என்ற குறியும் மட்டுமே பொறித்த நிப்புகள் ஏராளமாகக் காணப்படுகின்றன. 'வாரண்டெட்' என்பதை ஒரு கம்பெனியின் பெயரென்று கருதுவோர் உண்டு. அது தங்கத்தின் தரத்துக்கு உத்தரவாதம் கூறும் சொல்லேயன்றி வேறில்லை. நிப்பு செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள், சொந்தமாக நிப்பு செய்யாத பேனாக்காரர்களுக்கெல்லாம் இத்தகைய பொது நிப்புகளை விற்றார்கள். 14 காரட் என்றால் 24 பங்கில் 14 பங்கு தங்கம். ஐரோப்பாவில் இதையே 585 என்று குறிப்பர். 18 காரட்டுக்குக் குறி 750. பிரான்சில் 18 காரட்டையே தங்கமென்று சட்டம் ஏற்றுவந்தபடியால், அந்நாட்டுச் சந்தைக்கென்று செய்த பேனாக்களில் 18 காரட் நிப்பைப் பார்க்கலாம். இக்குறிகள் எதுவும் இல்லாமல் மஞ்சளாக மட்டும் மின்னும் நிப்பு, பெரும்பாலும் முலாம் பூசிய எஃகே.

நிப்பு சொந்தமா, இரவலா என்று காண வழி உண்டு. நிப்பின் அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கோடு அதன் வளைவு ஒட்டியிருக்கிறதா, இரண்டின் நுனிகளும் இசைந்து நிற்கின்றனவா, கழுத்துக்குள் ஆட்டமின்றி அமர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறர் சட்டையை அணிந்தவனைத் தோளைப் பார்த்தே கண்டுகொள்வதுபோல் இதையும் கண்டுகொள்ளலாம்.

மை நிரப்பும் முறை

மூன்றாம் சாட்சி, மை நிரப்பும் முறை. காலத்தை நிர்ணயிக்க இதைப்போல் உதவுவது வேறில்லை. நியூயார்க்கில் வாட்டர்மன் என்பார் 1884-ல் பேட்டண்ட் பெற்ற நாளில், பேனாவைக் கழற்றி பில்லரால் மையைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவதே முறை. 1905-ல் இங்கிலாந்தின் ஓனோட்டோ, பின்புறத் தண்டை இழுத்து அழுத்தினால் தானே மை உறிஞ்சும் பேனாவாக வெளிவந்தது. 1908-ல் ஷேஃபர் என்ற அமெரிக்க நகைக்கடைக்காரர், உடலின் பக்கத்தில் பதித்த சிறு நெம்புகோலைத் தூக்கி, உள்ளிருக்கும் ரப்பர் பையை அமுக்கும் முறைக்குப் பேட்டண்ட் பெற்றார். 1929-ல் ஜெர்மனியின் பெலிகன், திருகினால் ஏறி இறங்கும் பிஸ்டன் பேனாவை விற்கத் தொடங்கிற்று. 1933-ல் பார்க்கரின் வாக்குமாட்டிக் வந்தது. மை அடைத்த சிறு குழலை மாற்றிப் பொருத்தும் முறை 1950-களில் பரவிற்று.

இந்த வரிசையை மனப்பாடம் செய்தவர்கள், பில்லர் பேனாவைக் கண்டவுடன், "இது முதல் மகாயுத்தத்துக்கு முற்பட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்த அனுமானம் பெரும்பாலும் பலிக்கும். இந்தியாவில் பலிக்காது. மேனாட்டார் கைவிட்ட பில்லர் முறையை நம் நாட்டுக் கடைசல்காரர்கள் விடவேயில்லை. ரப்பர் பை வெப்பத்தில் பிசுபிசுத்துக் கெடும், நெம்புகோல் துருப்பிடிக்கும், இவை இரண்டும் இல்லாத பேனாவில் கெடுவதற்கு ஒன்றுமில்லை, மையும் நிறையப் பிடிக்கும். ராஜமகேந்திரவரத்திலும் நமது திருவள்ளூரிலும் இன்றைக்கும் பில்லர் பேனா கையால் கடையப்படுகிறது. ஆகையால் பில்லர் பேனா என்பதனால் மட்டும் ஒன்று நூறு வருஷத்துப் பழமை பெற்றுவிடாது.

உடலின் பொருள்

நான்காம் சாட்சி, உடல் எதனால் ஆனது என்பது. ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துக் காய்ச்சி இறுக்கியது எபோனைட். கட்டைவிரலால் சூடேறும்படி தேய்த்து முகர்ந்தால் கந்தக வாசனை வீசும். வெயிலும் ஈரமும் பட்டால் அதன் கறுப்பு மங்கிப் பழுப்பாகும். செல்லுலாய்டு பேனாவை அவ்வாறு தேய்த்தால் கற்பூர வாசனை வரும். பல வண்ணங்களும் முத்துப்போன்ற பளபளப்பும் பேனாக்களில் மிகுந்தது, ஷேஃபர் கம்பெனி 1924-ல் இப்பொருளை ஏற்ற பிறகே. பாலின் சத்திலிருந்து எடுக்கும் கேசீன் என்ற பொருளிலும் இங்கிலாந்தில் பேனாக்கள் செய்தார்கள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பெருகியது இரண்டாம் மகாயுத்தத்துக்குப் பின்னர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பேனாவைச் சுத்தம் செய்கிறோம் என்று தண்ணீரில் முழுக ஊறவைப்போர் உளர். எபோனைட் நிறம் மாறும். கேசீன் ஊதிப் பருக்கும். காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையும் ஆகாது; செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும் பொருள். சாட்சியைத் துன்புறுத்திப் பெற்ற வாக்குமூலம் நியாயஸ்தலத்திலும் செல்லாது, இங்கும் செல்லாது.

தோற்றத்தை மட்டும் நம்புவதும் கூடாது. நிப்பை மூடி மறைத்த உருவத்தோடு பார்க்கர் 51 என்ற பேனா 1941-ல் விற்பனைக்கு வந்தபின், அதே சாயலில் பல தேசத்தார் பேனா செய்தார்கள். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமான ஷாங்காய் நகரத்து ஹீரோ பேனாவும் அந்தச் சாயலில் பிறந்ததே.

ஒரு வழக்கு

விதிகளை மட்டும் அடுக்கிக்கொண்டு போவதைவிட, ஒரு வழக்கை எடுத்துக்கொள்வது பயன் தரும். சென்னையில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் நாம் வாங்கிய கறுப்புப் பேனா ஒன்று இப்போது நம் மேஜைமேல் இருக்கிறது. முதல் மகாயுத்த காலத்து லண்டன் பேனா என்று சொல்லி விற்கப்பட்டது. கேட்ட விலையில் பெரும்பகுதி 'லண்டன்' என்ற சொல்லுக்கே என்பது வெளிப்படை. அவர் காட்டிய ஆதாரங்கள் இரண்டு: நிப்பில் '14 காரட்' என்ற குறி, பில்லரால் மை ஊற்றும் முறை.

விசாரணையில் தெரிந்தது வருமாறு. நிப்பு 'வாரண்டெட்' வகையைச் சேர்ந்த பொது நிப்பு. நாக்கோடு ஒரு பக்கம் ஒட்டாமல் நிற்கிறது. எனவே அதன் சொல் பேனாவைக் கட்டுப்படுத்தாது. உடல் எபோனைட், தேய்த்தால் கந்தகம் மணக்கிறது. உடல் முழுவதும் பழுப்பேறியிருக்க, மூடி மூடும் பகுதி மட்டும் கறுப்பு மாறாமல் இருக்கிறது. அந்தக் கறுப்புப் பட்டை முடியும் இடமும் மூடியின் விளிம்பும் மயிரிழை பிசகாமல் பொருந்துகின்றன. ஆகவே மூடியும் உடலும் நெடுங்காலம் ஒன்றாகவே வாழ்ந்தவை, மூடி இரவலன்று.

இனி அந்த மூடியைக் கவனிப்போம். அதன் கிளிப்பு ஒரு வளையத்தோடு கூடியது. மூடியின் உச்சியிலுள்ள திருகுக் குமிழின்கீழ் அவ்வளையம் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. பார்க்கர் கம்பெனியார் 1916-ல் பேட்டண்ட் பெற்றுப் பிரபலமாக்கிய முறை இது. இதே அமைப்பைப் பிறர் மேற்கொண்டது அதற்குப் பின்னரே என்பது நியாயமான அனுமானம். அந்தக் காலத்தில் லண்டன் உற்பத்தியாளர் பெரும்பாலும் நெம்புகோலுக்கோ தண்டுக்கோ மாறிவிட்டனர். பிற்காலத்துக் கிளிப்பும் முற்காலத்து மை ஊற்றும் முறையும் ஒரே உடலில் சேர்ந்து வாழ்ந்த இடம் எது? நம் நாட்டுக் கடைசல் பட்டறை. உடலின் உட்புறத்தில் கடைசல் உளி சென்ற வளையங்கள் அழிக்கப்படாமல் தெரிவதும், தேசப்பெயர் எதுவும் பொறிக்காமல் விட்டிருப்பதும் இம்முடிவோடு இசைகின்றன.

கடைசியாக, சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு பெயரும் கிடைத்தது. செய்தவர் பெயரன்று, வைத்திருந்தவர் பெயர். பேனா வாங்கும் கடையிலேயே பெயர் வெட்டிக் கொடுக்கும் வழக்கம் நம்மவர் அறிந்ததே. அவர் பெயரை இங்கே வெளியிடுவது முறையாகாது. ஆனால் அது தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. அதில் வரும் 'லை' என்ற எழுத்து, தும்பிக்கைபோல் மேலே வளைந்த பழைய உருவில் இருக்கிறது. அவ்வுருவை மாற்றிய அரசாங்க ஆணை 1978-ல் பிறந்தது. பழைய எழுத்தில் பழகிய கை அதற்குப் பின்னும் அவ்வாறே வெட்டியிருக்கக் கூடுமாதலால், இதை முடிந்த சாட்சியாகக் கொள்ளாமல் துணைச் சாட்சியாகக் கொள்கிறோம்.

தீர்ப்பு யாதெனில்: லண்டன் என்பது ருஜுவாகவில்லை. முதல் மகாயுத்த காலம் என்பதும் ருஜுவாகவில்லை. இந்தியக் கடைசல் பட்டறையில் பிறந்து, தமிழர் ஒருவர் சட்டைப்பையில் வாழ்ந்த பேனா என்பதே சாட்சியங்களோடு பொருந்தும் முடிவு. செய்தவர் பெயர் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாதென்றே எழுதி வைத்திருக்கிறோம்.

பெயர் ஏன் இல்லை?

செய்தவன் ஏன் தன் பெயரைப் பொறிக்கவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். பெயர் பொறித்துப் புகழ் பெற்றவர்களும் உண்டு. ராஜமகேந்திரவரத்தில் ரத்தினம் என்பவர் 1930-களின் தொடக்கத்தில் சுதேசிப் பேனா செய்யப் புகுந்தார். அவர் பேனாவைக் காந்தியடிகளிடம் சேர்ப்பித்தவர், தஞ்சையில் பிறந்த நமது ஜே. ஸி. குமரப்பா. அதை எழுதிப்பார்த்த காந்தியடிகள், கடைவீதியில் காணும் அந்நியப் பேனாக்களுக்கு ஈடாக இது அமையும் என்ற கருத்துப்பட, 1935 ஜூலையில் ரத்தினத்துக்கு நன்றிக் கடிதம் எழுதினார். இது பிரசித்தமான வரலாறு.

ஆனால் தேசத்தில் இருந்த கடைசல்காரர் அனைவருக்கும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. சிறு பட்டறைகளில் கடைந்த பேனா, பெயர் பொறிக்காமலே கடைக்குப் போயிற்று. கடைக்காரர் தம் கடைப் பெயரை வெட்டி விற்றார். அல்லது வெறுமனே விற்றார். பெயர் வைத்தவர்களிலும் பலர் ஆங்கிலப் பெயரையே வைத்தார்கள். வாங்குகிறவர் அதைத்தான் விரும்பினார். 1947-க்குப் பின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து, உள்நாட்டுப் பேனாவுக்குச் சந்தை விரிந்தபோதும், பெயர் ஆங்கிலமாகவே நின்றது. தங்க நிப்பு பல சமயம் வெளிநாட்டிலிருந்தே வந்தது. இவ்விதம் அந்நிய நிப்பும் ஆங்கிலப் பெயரும் தாங்கிய சுதேசிப் பேனா, இன்று பழைய கடையில் லண்டன் பேனாவாக அவதாரம் எடுப்பதில் ஆச்சரியம் என்ன?

இதைத் திருத்தும் வழி, பெயரில்லாத ஒவ்வொன்றையும் சுதேசி என்று கூவுவதன்று. அதுவும் அதே பிழையே, அபிமானம் ஆதாரமாகாது. நெம்புகோலும் பேட்டண்ட் வாசகமும் உள்ள பேனாவை இந்தியப் பேனா என்போர், பில்லர் பேனாவை லண்டன் பேனா என்போரைவிட எவ்விதத்திலும் மேலானவர் அல்லர். தேய்ந்த பெயரைப் புதிதாக வெட்டி வைப்பதும், விலை பெறும் நிப்பைப் பெயரற்ற உடலில் மாட்டி விற்பதும் போர்ஜரிக்கு அடுத்த வீட்டுக் காரியங்கள்.

நேயர்கள் செய்யக்கூடியது மிகவும் எளிது. வீட்டு மேஜையறையில் தாத்தாவின் பேனா கிடந்தால், துடைப்பதற்குமுன் நல்ல வெளிச்சத்தில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீளத்தை அளந்து, நிப்பின் எழுத்தையும் உடலின் எழுத்தையும் தனித்தனியே குறித்து வையுங்கள். அது எந்த ஊரில், எந்தக் கடையில் வாங்கியது என்பதை வீட்டுப் பெரியவர்கள் நினைவு தப்புமுன் கேட்டு எழுதுங்கள். கடைசல் தொழிலில் இருந்த முதியவர் யாரேனும் உங்கள் ஊரில் இருந்தால், பேனாவை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். திருகின் இழையையும் மூடியின் வடிவையும் கண்டு, இது இன்னார் பட்டறை வேலை என்று சொல்லக்கூடியவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துவருகிறார்கள். பார்க்கருக்கும் ஷேஃபருக்கும் வரலாறு எழுதி வைக்க அவர்கள் தேசத்தார் இருக்கிறார்கள். நமது பட்டறைக்காரர்களுடைய வரலாறு அந்த முதியவர்களின் விரல் நுனியில் மட்டுமே இருக்கிறது. அதை இன்றே கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும்.